நரம்பில் ட்ரிப் ஏற்றுவதில் பேசிக் (அடிப்படைப் பயிற்சி பெற்ற) ஆம்புலன்ஸ் ஆட்களுக்கு விதிவிலக்கு வேண்டுமா?

டோங்காட்_ராஜன்:
தென்னாப்பிரிக்காவில், டர்பனுக்கு வடக்கே 16 வருஷமாக ஆம்புலன்ஸ் வேலை. எங்களைப் பதிவு செய்யும் சுகாதாரக் கவுன்சிலில் நான் பி.ஏ.ஏ., அதாவது பேசிக். போன மாதம் இரவு 2 மணிக்குக் கரும்புத் தோட்டத்துப் பக்கம் ஒரு வீடு. சர்க்கரை நோயுள்ள பாட்டி நினைவில்லாமல் கிடந்தார். விரலில் குத்திப் பார்த்தால் சர்க்கரை 1.9 (இந்தியக் கணக்கில் 34). அந்த நிலையில் வாயில் குளுக்கோஸ் ஊற்ற முடியாது, மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். கையில் நரம்பு பிடித்து டெக்ஸ்ட்ரோஸ் (சர்க்கரைக் கரைசல்) ஏற்றினால் சில நிமிஷத்தில் கண் திறந்திருப்பார். பேசிக் ஆள் அதைச் செய்யக் கூடாது. ஏற்றிக்கொண்டு புறப்பட்டோம், பாதி வழியில் ஐ.எல்.எஸ். வண்டி (ட்ரிப் போடத் தகுதியுள்ள இடைநிலை ஆட்கள் வரும் வண்டி) வந்து சேர 35 நிமிஷம். பாட்டி பிழைத்துவிட்டார். ஆனால் பேச்சு இன்னும் தெளிவாக வரவில்லை என்கிறார் மகள். என்னைப் போன்ற பழைய ஆட்களைச் சோதித்துப் பார்த்து, இந்த ஒரு காரியத்துக்காவது மாகாணம் அனுமதி தரக் கூடாதா?

சாட்ஸ்வொர்த்_கலா:
ராஜன் அண்ணா, படிக்கவே கஷ்டமாக இருக்கிறது. ஆனாலும் கூடாது என்றுதான் சொல்வேன். நான் நாலு வருஷப் பட்டம் படித்த ஈ.சி.பி., அதாவது அவசர சிகிச்சையில் உயர்நிலை ஆள். 50 சதவீத டெக்ஸ்ட்ரோஸ் நரம்புக்கு வெளியே கசிந்தால் சதை அழுகும். ஒரு நோயாளியின் கை அப்படிக் கறுத்ததைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். பக்கத்தில் நின்று பார்த்துப் பழகியதும், தவறினால் என்ன செய்வது என்று படித்ததும் ஒன்றல்ல. அதோடு பதிவைத் தருவது மாகாணம் இல்லை, தேசியக் கவுன்சில். நம் குவாசுலு-நாட்டால் மாகாணத்துக்கு ஒரு விதி, கௌடெங்குக்கு ஒரு விதி என்று ஆரம்பித்தால் எங்கே போய் முடியும்?

மெல்பர்ன்_சிவா:
டர்பன் பக்கத்துப் பீனிக்ஸில் வளர்ந்தவன், இப்போது ஆஸ்திரேலியாவில் பாராமெடிக். இங்கே 2018 டிசம்பர் 1 முதல்தான் நாடு முழுவதும் ஒரே பதிவு. அதற்கு முன் மாநிலத்துக்கு மாநிலம் வேறு. இன்றைக்கும் எந்த மருந்து, யார், எப்போது என்பதை அந்தந்த மாநில ஆம்புலன்ஸ் சேவையின் வழிகாட்டிதான் சொல்கிறது. விக்டோரியாவில் பழகியவர் குயின்ஸ்லாந்து போனால் அங்குள்ளதைப் புதிதாகப் பழக வேண்டும். அதனால் யாரும் சாகவில்லை, கலா. அமெரிக்காவிலும் மாநிலம்தான் உரிமம் தருகிறது.

சாட்ஸ்வொர்த்_கலா:
அமெரிக்காவில் பாராமெடிக்குக்குப் பின்னால் ஒரு மருத்துவர் பொறுப்பாளராக இருக்கிறார், சிவா. அவர் வகுத்த நெறிமுறைப்படிதான் வேலை. இங்கே நாம் நம் சொந்தப் பதிவில் வேலை செய்கிறோம். தப்பு நடந்தால் கவுன்சில் முன்னால் தனியாக நிற்கப் போவது ராஜன் அண்ணாதான்.

டோங்காட்_ராஜன்:
நிற்கிறேன் தங்கச்சி, அதற்குப் பயமில்லை. படிக்கச் சொல்கிறீர்கள், சரி. முன்பெல்லாம் வண்டியில் 1000 மணி நேரம் வேலை பார்த்துவிட்டு, அப்புறம் சில மாதம் படித்தால் ஏ.இ.ஏ., அதாவது இடைநிலை ஆள், ஆகலாம், ட்ரிப் போடலாம். மூன்று பிள்ளைகளை வைத்துக்கொண்டு இன்றைக்கு நாளைக்கு என்று தள்ளிப்போட்டேன். அதற்குள் குறுகிய படிப்புகளையே நிறுத்திவிட்டார்கள். இனி ஒரு வருஷம் முழுநேரமாகக் கல்லூரிக்குப் போக வேண்டும். அந்த ஒரு வருஷம் வீட்டில் அடுப்பு எப்படி எரியும்?

சாட்ஸ்வொர்த்_கலா:
அதில் உங்கள் பக்கம்தான் அண்ணா. பழைய ஆட்களுக்குச் சம்பளத்தோடு படிக்க வழி செய்யாமல் கதவை மூடியது அநியாயம். அதற்காகச் சண்டை போடுவோம், நானும் கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் அந்த 35 நிமிஷத்துக்கு வேறு வழி உண்டு. அழைப்பில் ‘சர்க்கரை நோயாளி, நினைவில்லை’ என்று கேட்ட உடனே ஐ.எல்.எஸ். வண்டியையும் சேர்த்தே கிளப்ப வேண்டும். நீங்கள் போய்ப் பார்த்து ரேடியோவில் கேட்கும் வரை காத்திருக்கக் கூடாது.

டோங்காட்_ராஜன்:
வண்டி இருந்தால்தானே கிளப்புவார்கள்? அன்று இரவு எங்கள் பக்கம் முழுக்க ஐ.எல்.எஸ். ஒன்றுதான் இருந்தது. அதுவும் நெடுஞ்சாலையில் ஒரு விபத்துக்குப் போயிருந்தது.