பொருள்: "கேண்டிடேட் சிக்னல்": வேட்பாளர் வேண்டாமே

> கேண்டிடேட் சிக்னல் = வேட்பாளர் குறிகை

ஐயா, வணக்கம். நம் கலைச்சொல் பட்டியலில் இது ஒன்றுதான் ஒட்டவில்லை. இராயபுரத்தில் வேட்பாளர் என்றால் திறந்த ஜீப்பில் கைகூப்பி வருபவர்தான். அவர் தானாக நிற்கிறார். வேற்றுலக அறிவுயிர்த் தேடலில் குறிகை தானாக நிற்பதில்லை. தள்ளித் தள்ளிப் பார்த்தும் தள்ள முடியாமல் கிடப்பது அது.

தள்ளிப் பார்க்கும் சோதனைகள் இரண்டு. அமெரிக்காவின் கிரீன் பேங்க் வானொலித் தொலைநோக்கி இலக்கு விண்மீனை 5 நிமிடம் பார்க்கும், 5 நிமிடம் விலகி வேறிடம் பார்க்கும். இப்படி மும்முறை, மொத்தம் 30 நிமிடம். விலகியபோதும் குறிகை தெரிந்தால் நம்மூர்ச் செல்பேசியோ செயற்கைக்கோளோ பக்கவாட்டில் நுழைகிறது என்று பொருள். அடுத்த சோதனை அதிர்வெண் நகர்வு. கொருக்குப்பேட்டை கேட்டில் கூட்ஸ் வண்டி நம்மைக் கடக்கையில் ஹாரனின் சுருதி இறங்குமே, அதே கணக்கு. பூமி சுழல்வதால் மட்டும் 1420 மெகாஹெர்ட்ஸில் நொடிக்கு 0.16 ஹெர்ட்ஸ் வரை நகரும். நகர்வே இல்லையென்றால் அநேகமாக நம்மோடு சேர்ந்து சுழலும் தரைக்கருவிதான்.

இரண்டிலும் தேறியும் கவிழ்ந்தது உண்டு. 2019இல் ஆஸ்திரேலியாவின் பார்க்ஸ் தொலைநோக்கி, சூரியனுக்கு மிக அருகிலுள்ள விண்மீனான பிராக்சிமா சென்டாரியை நோக்கியபோது 982.002 மெகாஹெர்ட்ஸில் ஒன்று சிக்கியது. நகர்ந்தது, விலகினால் மறைந்தது. தோண்டினால், அதே நெளிவு வேறு அதிர்வெண்களிலும் இருந்தது. மின்னணுக் கருவிகளின் அலைகள் ஒன்றோடொன்று கலந்து பிறந்த இடையூறு என்று 2021இல் முடிவானது.

ஆகவே "ஐயக்குறிகை" என்கிறேன்.

— இராயபுரம்

> ஐயக்குறிகை

நல்ல சொல்தான், ஆனால் மற்ற இடங்களுக்கு நீளாது. இன்னும் உறுதியாகாத கோளைச் சொல்லும் "கேண்டிடேட் பிளானெட்" வந்தால் ஐயக்கோளா? கெப்ளர் விண்வெளித் தொலைநோக்கி தந்த அத்தகைய கோள்களில் பெரும்பாலானவை பிறகு மெய்யாயின. குறிகைகளில் இதுவரை ஒன்றுகூட மெய்யாகவில்லை. சலித்தபின் நிற்பது என்ற பொருளில் "எஞ்சுகுறிகை", "எஞ்சுகோள்" என்றால் இரண்டுக்கும் பொருந்தும். வினைத்தொகை என்பதால் வாயிலும் தடுக்காது.

— தண்டையார்பேட்டை

> சலித்தபின் நிற்பது

அங்கேதான் இடிக்கிறது, அம்மா. 1977 ஆகஸ்ட் 15இல் ஒஹாயோவில் பதிவான "வாவ்" குறிகை 72 நொடிதான். அந்தத் தொலைநோக்கிக்கு அலைகளை வாங்கும் கொம்புகள் இரண்டு. வானின் அதே புள்ளி ஏறத்தாழ 3 நிமிட இடைவெளியில் இரண்டையும் கடக்கும். ஒன்றில்தான் பதிந்தது. பிறகு எத்தனை முறை தேடியும் வரவில்லை. வராததைச் சலிப்பது எப்படி? எஞ்சியது என்றால் தேர்வில் தேறியதாகிவிடும். கோளுக்கு எஞ்சுகோள் இருக்கட்டும். குறிகைக்கு ஐயமே போதும்.

— இராயபுரம்