நட்சத்திரம் கோடிக்கணக்கில் இருந்தால் போதுமா? வேற்றுக்கிரக அறிவுஜீவிகள் பற்றி ஒரு சண்டை

செந்தூல் சிவா:

3ஐ அட்லஸ் வேற்றுக்கிரகக்காரன் அனுப்பிய விண்கலம்தான் என்று எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் இன்னமும் செய்தி வந்துகொண்டிருக்கிறது. நான் அதை நம்புகிற ஆள் இல்லை. 2025 ஜூலையில் சிலியில் உள்ள தொலைநோக்கியில் சிக்கிய வால்மீன் அது, வேறொரு நட்சத்திரத்தின் பக்கத்திலிருந்து வந்து நம் சூரியனை ஒட்டிப் போனது, அவ்வளவுதான். ஆனால் அதை மறுக்க வருகிறவர்கள் அதே வேகத்தில் "வேற்றுக்கிரகவாசி என்பதே கட்டுக்கதை" என்று முடித்துவிடுகிறார்களே, அதுதான் எனக்கு எரிச்சல்.

பால்வெளியில் மட்டும் 100 பில்லியன் முதல் 400 பில்லியன் நட்சத்திரங்கள். 1995-ல் சுவிஸ் வானியலாளர்கள் மாயோரும் கெலோவும் சூரியனைப் போன்ற ஒரு நட்சத்திரத்தைச் சுற்றும் முதல் கோளைக் கண்டுபிடித்தார்கள், 2019-ல் அதற்கு நோபல் பரிசும் வாங்கினார்கள். இப்போது உறுதியான கோள்கள் 6,000-ஐத் தாண்டிவிட்டன, அதுவும் நமக்குப் பக்கத்தில் தேடியே. நம் பாட்டன் பாட்டி ஈரேழு பதினான்கு உலகம் என்று சொன்னதே குறைவு போலிருக்கிறது. இத்தனையிலும் நமக்கு மட்டும்தான் யோசிக்கத் தெரியும் என்றால் அது ஆணவம் இல்லாமல் வேறென்ன?

பாயான்லெப்பாஸ்காரன்:

சிவா அண்ணே, வால்மீன் விஷயத்தில் உங்கள் கட்சி. மற்றதில் இல்லை. ஆணவம், அடக்கம் எல்லாம் மனிதர்களைப் பற்றிய பேச்சு. வானத்தில் யாராவது இருக்கிறார்களா என்பதற்கும் அதற்கும் சம்பந்தமே கிடையாது.

நான் சிப் தொழிற்சாலையில் வேலை பார்க்கிறேன். எங்கள் இடத்தில் கடைசிக் கட்ட டெஸ்டிங் மட்டும்தான், ஆனால் வேஃபர் (சிப் செய்கிற சிலிக்கான் தட்டு) எங்கிருந்து வந்தாலும் மீட்டிங்கில் பேச்சு யீல்டுதான், போட்டதில் எத்தனை தேறியது என்கிற கணக்கு. 500 படி தாண்ட வேண்டிய வேஃபர் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு படியிலும் 99 சதவீதம் சரியாக வருகிறது. கேட்க நன்றாக இருக்கிறதா? பெருக்கிப் பாருங்கள், கடைசியில் 100-க்கு ஒன்றுகூடத் தேறாது. அதையே 99.9 ஆக்குங்கள், 60 தேறும். உள்ளே எத்தனை போனது என்பதை மட்டும் சொல்லிவிட்டு வெளியே எத்தனை வரும் என்று கேட்டால் எங்கள் சூப்பர்வைசர் அடிக்க வருவார். நீங்கள் கேட்பது அந்தக் கேள்விதான்.

உயிருக்கும் படிகள் உண்டு. வெறும் வேதியியலிலிருந்து தன்னையே நகலெடுக்கும் ஏதோ ஒன்று, அப்புறம் செல், அப்புறம் கரு உள்ள செல், பல செல் உடம்பு, நரம்பு, மூளை, கருவி, மொழி, ரேடியோ. பத்துப் படி என்றே வைப்போம். ஒவ்வொன்றும் தாண்ட பத்தில் ஒரு வாய்ப்பு என்றால் 400 பில்லியன் நட்சத்திரங்களில் 40 இடம். நூற்றில் ஒன்று என்றால் பால்வெளி மொத்தத்திலும் பூஜ்யம்; நாம் இருப்பதே ஆச்சரியம். பத்தில் ஒன்றா நூற்றில் ஒன்றா என்று தெரியாமல் "கோடிக்கணக்கில் இருக்கிறது பார்" என்பதில் என்ன இருக்கிறது? பால்வெளியில் எத்தனை நாகரிகம் இருக்கும் என்று கணிக்க 1961-ல் வானியலாளர் பிராங்க் டிரேக் எழுதிய சமன்பாடும் இதே பெருக்கல்தான். அதன் முன்பாதிக்கு எண் கிடைத்துவிட்டது, நட்சத்திரம் எத்தனை, கோள் எத்தனை என்று. பின்பாதியில் இன்றைக்கும் ஆளாளுக்கு ஒரு எண் போடுகிறார்கள்.

நைட்ஷிப்ட்:

1977-ல் வானத்திலிருந்து வந்த அந்த ரேடியோ அலை, வாவ் சிக்னல்? 72 விநாடி? யாருமே அதைத் தொடமாட்டேன் என்கிறீர்களே.

பாயான்லெப்பாஸ்காரன்:

தம்பி, அந்த 72 விநாடியில் மர்மம் எதுவும் இல்லை. ஒஹாயோவில் இருந்த அந்தத் தொலைநோக்கி வானத்தைத் துரத்திக்கொண்டு திரும்பாது, பூமி சுழலச் சுழல ஒரு புள்ளி அதன் பார்வையில் அவ்வளவு நேரம்தான் நிற்கும். அப்புறம் அதே திசையில் பலமுறை தேடியும் திரும்ப வரவில்லை. ஒரே ஒரு தடவை வந்ததை வைத்துக்கொண்டு என்ன செய்வது? எங்கள் லைனில்கூட ஒருமுறை மட்டும் வந்த ஃபால்ட்டை எழுதி வைத்துவிட்டு நகர்ந்துவிடுவோம்.

ஜெலுத்தோங் டீச்சர்:

யீல்டு கணக்கு அழகாகத்தான் இருக்கிறது, தம்பி. ஆனால் அது உயிரியலுக்குப் பொருந்தாது. உங்கள் தொழிற்சாலையில் ஒரு படியில் கெட்ட வேஃபரைத் தூக்கிப் போட்டுவிடுவீர்கள். கடல் எதையும் தூக்கிப் போடுவதில்லை. ஒரு படி தவறினால் அதே படியை அடுத்த வருடம் முயலும், அதற்கடுத்த வருடமும், ஒரே நேரத்தில் லட்சக்கணக்கான குட்டைகளில், நூறு மில்லியன் ஆண்டுகளுக்கு. வாய்ப்பு நூற்றில் ஒன்று என்றால் எந்த நேர அளவில் நூற்றில் ஒன்று? அதைச் சொல்லாமல் பெருக்கவே கூடாது.

பூமியில் நடந்ததையே பாருங்கள். பூமிக்கு வயது 4.5 பில்லியன் ஆண்டு. 3.5 பில்லியன் ஆண்டுக்கு முந்தைய பாறையிலேயே நுண்ணுயிர்த் தடம் இருக்கிறது, அதைவிடப் பழையது என்று சொல்லப்படுபவையும் உண்டு. பூமி சற்று ஆறியதும் உயிர் வந்துவிட்டது. அப்புறம் கண்: தனித்தனியாகப் பல முறை தோன்றியிருக்கிறது. பறத்தல்: பூச்சி, டெரோசார் என்கிற பழங்காலப் பறக்கும் ஊர்வன, பறவை, வௌவால் என்று நான்கு முறை. பல செல் உடம்பும் ஒன்றுக்கு மேற்பட்ட வழியில் வந்திருக்கிறது. மூளையை எடுத்துக்கொண்டால் காக்கை கருவி செய்கிறது, கணவாய்க்கு உறவான ஆக்டோபஸ் மூடி திறக்கிறது. நமக்கும் ஆக்டோபஸுக்கும் பொதுவான மூதாதை 500 மில்லியன் ஆண்டுகளுக்கும் முன்பு வாழ்ந்த ஏதோ ஒரு புழு. ஆக, புத்தி என்பது ஒரே குடும்பத்துக்கு விழுந்த லாட்டரி இல்லை.

செந்தூல் சிவா:

டீச்சர் சொன்னதை அப்படியே வழிமொழிகிறேன்.

பாயான்லெப்பாஸ்காரன்:

டீச்சர், நீங்கள் பலமுறை நடந்ததை மட்டும் எடுத்து வைத்திருக்கிறீர்கள். ஒரே முறை நடந்தது? கரு உள்ள செல். ஒரு நுண்ணுயிர் இன்னொன்றை உள்ளே வாங்கி, அதைச் செரிக்காமல் செல்லுக்கு ஆற்றல் தரும் மைட்டோகாண்ட்ரியாவாக வைத்துக்கொண்டது, பூமியின் வரலாற்றில் ஒரு தடவைதான். மரம், காளான், யானை, நீங்கள், நான் எல்லாரும் அந்த ஒரு சம்பவத்தின் வாரிசுகள். உயிர் தோன்றி அதற்கே ஒன்றரை பில்லியன் ஆண்டுக்கு மேல் ஆனது. அத்தனை காலம் கடல் முயன்றுகொண்டுதானே இருந்தது? டைனோசார்கள் 160 மில்லியன் ஆண்டு ஆண்டன, ஒன்றுகூட ரேடியோ செய்யவில்லை. ஆக்டோபஸ் இன்னும் மூடிதான் திறக்கிறது.

இன்னொன்று. சூரியன் மெல்ல மெல்லப் பிரகாசமாகிக்கொண்டே போகிறது. இன்னும் ஏறக்குறைய ஒரு பில்லியன் ஆண்டில் கடல் தாங்காது என்கிறார்கள். நாம் வந்தது கடை மூடுகிற நேரத்தில். 1983-ல் இயற்பியலாளர் பிராண்டன் கார்ட்டர் இதை வைத்துத்தான் வாதிட்டார்: படிகள் சுலபமாக இருந்திருந்தால் நாம் எப்போதோ வந்திருக்க வேண்டும், இவ்வளவு தாமதமாக வந்ததே படிகள் கடினம் என்பதற்கு அடையாளம். உயிர் சீக்கிரம் வந்தது என்பதும் உங்களுக்குச் சாதகமாகாது. தாமதமாக வந்த கிரகங்களில் இதைப் பற்றிச் சண்டை போட யாரும் இருக்கமாட்டார்கள், அதனால் சீக்கிரம் வந்த இடத்தில் உட்கார்ந்திருப்பவர்களுக்கு எல்லா இடத்திலும் சீக்கிரம் வரும் போலத் தோன்றும்.

ஜெலுத்தோங் டீச்சர்:

ஒரே முறை நடந்தது என்பதும் ஒரே முறைதான் நடக்க முடியும் என்பதும் ஒன்றா? முதலில் வந்தவன் இடத்தைப் பிடித்துக்கொள்வான். இரண்டாவதாக ஒரு கரு உள்ள செல் வர முயன்றால் ஏற்கெனவே இருப்பது அதைத் தின்றுவிடும். நாம் இருக்கும்போது இன்னொரு குரங்கினம் ரேடியோ வரைக்கும் வர விடுவோமா? நியாண்டர்தால் மனிதனுக்கு என்ன ஆனது? தோற்றுப்போன முயற்சிகளின் புதைபடிவம் நம் கையில் இல்லை, அவ்வளவுதான். கார்ட்டர் வாதம் எனக்குப் பிடிக்கும், ஆனால் அதுவும் ஒரே ஒரு கிரகத்தை வைத்துச் சொன்னதுதான்.

நைட்ஷிப்ட்:

2010-ல் நம்ம மலேசிய வானியலாளர் மஸ்லான் ஒத்மானை ஐநா வேற்றுக்கிரகவாசிகளுக்குத் தூதராகப் போடப் போகிறது என்று லண்டன் பத்திரிகையில் வந்ததே, ஞாபகம் இருக்கிறதா? அவரே மறுத்துவிட்டார். பாவம், இங்கே தேசியக் கோளரங்கத்தை முன்னின்று உருவாக்கியவர், அப்போது ஐநா விண்வெளி அலுவலகத்தின் தலைவராக இருந்தவர், இதற்காகத்தான் உலகம் அவரைத் தெரிந்துகொண்டது.

பாயான்லெப்பாஸ்காரன்:

சரி, உயிரியலை விடுங்கள். 1950-ல் இயற்பியலாளர் என்ரிகோ பெர்மி சாப்பாட்டு மேசையில் கேட்டதற்குப் பதில் சொல்லுங்கள்: எல்லாரும் எங்கே? பால்வெளி ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு ஏறக்குறைய 100,000 ஒளியாண்டு. ஒளியின் வேகத்தில் நூற்றில் ஒரு பங்கு போனாலும் 10 மில்லியன் ஆண்டில் கடந்துவிடலாம். வழியில் தங்கித் தங்கிப் போனால் இன்னும் சில மடங்கு. பால்வெளியின் வயது 13 பில்லியனுக்குப் பக்கம். நம்மைவிட ஒரு பில்லியன் ஆண்டு மூத்தவர்கள் ஒரே ஒரு கூட்டம் இருந்திருந்தால்கூட இந்நேரம் ஏதாவது தடயம் கண்ணில் பட்டிருக்கும்.

செந்தூல் சிவா:

யார் கண்ணில்? 1960-ல் டிரேக் இரண்டே இரண்டு நட்சத்திரங்களைப் பார்த்துத்தான் தேடலை ஆரம்பித்தார், டாவ் செட்டி, எப்சிலான் எரிடானி. அதிலிருந்து இன்றுவரை எந்த அலைவரிசையில், எந்தத் திசையில், எந்த நேரத்தில் கேட்டோம் என்று கூட்டினால் பார்த்தது ஒரு துளி. எப்போதும் திறந்திருக்கும் காது நம்மிடம் இல்லை.

நாம் எப்படி நடந்துகொள்கிறோம் என்பதையும் பாருங்கள். 1974-ல் போர்ட்டோ ரிக்கோவின் அரெசிபோ ரேடியோ தொலைநோக்கியிலிருந்து எம்13 நட்சத்திரக் கூட்டத்துக்குச் செய்தி அனுப்பினோம், மூன்று நிமிடம்கூட இல்லை, போய்ச் சேர 25,000 ஆண்டு. அங்கே ஒரு பாயான்லெப்பாஸ்காரன் இருந்து, அந்த மூன்று நிமிடம் டீ குடிக்கப் போயிருந்தால் "யாருமே இல்லை" என்றுதான் எழுதுவான். வாயேஜர் 1 விண்கலம் விநாடிக்கு 17 கிலோமீட்டர் போகிறது, பக்கத்து நட்சத்திரமான புராக்சிமா தூரத்தைக் கடக்கவே 70,000 ஆண்டுக்கு மேல். (அதிலுள்ள தங்கத் தட்டில் 55 மொழியில் வணக்கம் இருக்கிறது, தெலுங்கு உண்டு, கன்னடம் உண்டு, சிங்களம் உண்டு, தமிழ் இல்லை. இது தனிச் சண்டை.) நம்மாலேயே முடியாததை அவர்கள் கட்டாயம் செய்திருக்க வேண்டும் என்று எதை வைத்துச் சொல்கிறீர்கள்? பெர்மி கேள்வியில் ஒளிந்திருப்பது எல்லாரும் காலனி பிடிப்பார்கள் என்கிற நினைப்பு. மலாயாவில் பிறந்து வளர்ந்த நமக்கு அந்த ஆசை எல்லாருக்கும் இருக்கும் என்று தோன்றுவது இயல்புதான், அதற்காக அது இயற்கை விதி ஆகிவிடாது.

பாயான்லெப்பாஸ்காரன்:

காலனி பதில் எப்போதும் வரும், எப்போதும் இதே ஓட்டை. எல்லாரும் பிடிக்க வேண்டியதில்லை அண்ணே, பத்தாயிரத்தில் ஒருவன் பிடித்தால் போதும். நீங்கள் சொல்வது சரியாக வேண்டுமென்றால் ஒருவர் பாக்கியில்லாமல் அத்தனை பேரும் வீட்டோடு இருக்க வேண்டும். நிறைய பேர் இருக்கிறார்கள் என்று சொல்லச் சொல்ல அது இன்னும் கஷ்டமாகும்.

ஜெலுத்தோங் டீச்சர்:

அதனால்தான் நான் "நிறைய" என்று சொல்லவே இல்லை. 100 இருந்தாலும் பால்வெளியில் ஒன்றுக்கொன்று ஆயிரக்கணக்கான ஒளியாண்டு தூரம். ஒரே காலத்தில் இருக்க வேண்டும் என்பது வேறு. நமக்கு ரேடியோ வந்தே நூற்றுச் சொச்சம் ஆண்டுதான்.

இப்படியே போனால் விடியாது. தம்பி, எது கிடைத்தால் உங்கள் கருத்தை மாற்றுவீர்கள்? கே2-18பி என்று சொல்லிவிடாதீர்கள். 124 ஒளியாண்டு தூரத்துக் கோளில் உயிரின் அடையாளமாக இருக்கக்கூடிய வாயு என்று 2025 ஏப்ரலில் கேம்பிரிட்ஜ் வானியலாளர் மதுசூதனின் குழு அறிவித்தது, அதே தரவை எடுத்துப் பார்த்த மற்ற குழுக்கள் அவ்வளவு உறுதி இல்லை என்றுவிட்டன.

பாயான்லெப்பாஸ்காரன்:

நம் சூரியக் குடும்பத்திலேயே இரண்டாவது தடவை தனியாகத் தோன்றிய உயிர். பாக்டீரியா போதும். ஒரே சூரியனைச் சுற்றி இரண்டு முறை என்றால் முதல் படி சுலபம் என்று எழுதிக் கொடுத்துவிடுவேன். ஆனால் செவ்வாயில் கிடைத்தால் ஒப்புக்கொள்ள மாட்டேன், அங்கிருந்து கற்கள் இங்கே விழுந்திருக்கின்றன, நமக்குச் சொந்தக்காரனாக இருக்கலாம். என்செலடஸ் என்றால் சரி, சனிக்கோளின் நிலவு. காசினி கலம் அதன் நீராவிப் பீச்சலுக்குள்ளேயே புகுந்து போனது, உயிருக்குத் தோதான ஹைட்ரஜன் இருக்கிறது, பாஸ்பேட் இருப்பதும் 2023-ல் தெரிந்தது.

நைட்ஷிப்ட்:

அப்போ வியாழனின் நிலவு யுரோப்பாவை ஆராய நாசா அனுப்பிய யுரோப்பா கிளிப்பர் கலம் 2030-ல் வியாழன் கோளுக்குப் போய்ச் சேர்ந்ததும் இந்தச் சண்டை முடிந்துவிடும்?

ஜெலுத்தோங் டீச்சர்:

முடியாது. கிளிப்பர் உயிரைத் தேடவில்லை. பனிக்கு அடியில் உயிர் வாழத் தோதான கடல் இருக்கிறதா என்றுதான் பார்க்கும். இருந்தால் அடுத்த கலம். என்செலடஸுக்கு ஐரோப்பிய விண்வெளி நிறுவனம் போட்டிருக்கும் திட்டம் 2040களில்தான் கிளம்பும்.

பாயான்லெப்பாஸ்காரன்:

அங்கே பாக்டீரியா கிடைத்தாலும் பத்துப் படியில் ஒரு படிதான் டீச்சர். கரு உள்ள செல் பாக்கி இருக்கிறது.