எரேமியா புத்தகத்தைக் காலவரிசைப்படி படிப்பது எப்படி?

வேதமாணவன்:
தொடர்ச்சியாகப் படித்தால் காலம் முன்னும் பின்னும் தாவுகிறது. 21-ஆம் அதிகாரத்தில் யூதாவின் ராஜா சிதேக்கியா, 25-இல் அவனுக்கு முந்திய ராஜா யோயாக்கீம், 32-இல் மறுபடி சிதேக்கியா, 36-இல் திரும்பவும் யோயாக்கீம். பழைய மொழிபெயர்ப்பில் 27:1 யோயாக்கீம் காலம் என்கிறது. 12-ஆம் வசனத்தில் பேச்சு சிதேக்கியாவிடம். எதைப் பிடித்துக்கொண்டு படிப்பது? இந்நூலில் வருபவர்களின் பெயர் பொறித்த அக்காலக் களிமண் முத்திரைகள் கிடைத்ததாகச் சொல்கிறார்களே, அவற்றை நம்பலாமா?

ஏடுபிரி:
அதிகார எண்ணை விடுங்கள், ராஜாவின் பெயரைப் பிடியுங்கள். முதலில் 1–6, யோசியா காலத்தில் தொடங்குவது. பிறகு யோயாக்கீம்: 7, 26 இரண்டையும் சேர்த்தே படியுங்கள், ஆலய வாசலில் பேசிய பேச்சு 7-இல், அதனால் வந்த வழக்கு 26-இல். அடுத்து 25, 36, 45. மூன்றும் அவனுடைய 4-ஆம் வருஷத்தை, அதாவது கி.மு. 605-ஐ ஒட்டியவை. சிதேக்கியாவுக்கு 24, 29, 27–28, 21, 34, 37, 32–33, 38, 39. கடைசியில் 40–44, எகிப்துவரை.

குழப்பத்தின் வேர் 36-ஆம் அதிகாரத்திலேயே தெரிகிறது. எரேமியாவின் வார்த்தைகளை எழுதிய சுருளில் மூன்று நாலு பக்கம் வாசித்ததும் ராஜா யோயாக்கீம் அதைச் சூரிக்கத்தியால் அறுத்துக் கணப்பு நெருப்பில் போடுகிறான். எரேமியா சொல்லச் சொல்ல அவருடைய எழுத்தர் பாருக் மறுபடி எழுதுகிறார், "இன்னும் அநேக வார்த்தைகளும்" சேர்கின்றன. இப்படிச் சேர்ந்து சேர்ந்து வளர்ந்த நூலில் தேதி வரிசையை எதிர்பார்க்க முடியாது.

களிமண்முத்திரை:
முத்திரைகளில் முதலில் பார்க்கவேண்டியது எங்கே கிடைத்தது என்பதை. எருசலேமில் தாவீதின் நகரம் எனப்படும் பகுதியில் தோண்டியெடுத்தவை உறுதியானவை. 1982-இல் கிடைத்தது 'சாப்பானின் குமாரன் கெமரியா'; 36:10-இல் பாருக் சுருளை வாசித்தது இவருடைய அறையில்தான். 2005-இல் 'செலேமியாவின் குமாரன் யூகால்', 2008-இல் 'பஸ்கூரின் குமாரன் கெதலியா'. எரேமியாவை உளை நிறைந்த துரவில் இறக்கியவர்களின் பட்டியலை 38:1-இல் பாருங்கள், இருவரும் இருக்கிறார்கள். பாபிலோனியர் நகரத்தைக் கொளுத்தியபோது பாப்பிரஸ் பத்திரங்கள் சாம்பலாயின. அவற்றைக் கட்டிய நூல்மேல் ஒட்டியிருந்த களிமண் சூளையில் வெந்ததுபோல இறுகிவிட்டது. சிலவற்றின் பின்புறத்தில் பாப்பிரஸ் நாரின் பதிவு இன்னும் தெரியும்.

பாருக்கின் பெயர் பொறித்ததை மட்டும் சான்றாக எடுக்காதீர்கள். அது பழம்பொருள் சந்தையில் வந்தது. போலி என்றே பல அறிஞர்கள் கருதுகிறார்கள்.

ஏடுபிரி:
27:1 விட்டுப்போயிற்று. பழைய ஏற்பாட்டின் பண்டைய கிரேக்க மொழிபெயர்ப்பான செப்துவஜிந்தில் அந்த வசனமே இல்லை. அந்த எரேமியா வழக்கமான எபிரேய மூலமான மசோரெத் பாடத்தைவிட ஏறக்குறைய எட்டில் ஒரு பங்கு சிறியது; 46–51-இல் உள்ள புறஜாதியார் பற்றிய பகுதி அங்கே 25:13-க்குப் பின்னால் நிற்கிறது. அந்தச் சிறிய வடிவத்தை ஒத்த எபிரேயத் துண்டு சவக்கடல் சுருள்கள் கிடைத்த கும்ரானின் 4-ஆம் குகையில் கிடைத்திருப்பதால், கிரேக்க மொழிபெயர்ப்பாளர் வெட்டிக் குறைத்தார் என்று சொல்லவும் முடியாது. 26:1-இன் தலைப்பு வரியே தவறுதலாக 27:1-இலும் ஏறிவிட்டது என்பது என் கணிப்பு. 28:1 "அதே வருஷத்தில்" என்று தொடங்கி சிதேக்கியாவின் 4-ஆம் வருஷம் என்கிறதே, 27-ஐயும் அங்கேயே வையுங்கள்.