ஹெட்வேக்கு ஒரு சொல்: முகப்பிடை?

அன்பின் அண்ணாமாருக்கும் அக்காமாருக்கும்,

திருகோணமலையில் சிவில் படிக்கிறேன். இந்த செமஸ்டரில் போக்குவரத்துப் பொறியியல் வந்திருக்கிறது. விரிவுரை ஆங்கிலத்தில்தான், ஆனால் எங்கள் வகுப்பில் நிறையப் பேர் உயர்தரம் வரை தமிழில் படித்து வந்தவர்கள். அதனால் பாடம் முடிந்ததும் உட்கார்ந்து தமிழில் குறிப்பு எழுதுகிறோம். பெரும்பாலும் சிக்கல் இல்லை. ஃபுளோ (மணிக்கு எத்தனை வண்டி கடக்கிறது) பாய்ச்சல், டென்சிட்டி (கிலோமீற்றருக்கு எத்தனை வண்டி) அடர்த்தி, ஸ்பீட் கதி. பாய்ச்சல் = அடர்த்தி × கதி என்று எழுதினால் யாருக்கும் விளங்கும். மாட்டிக்கொண்டது ஹெட்வேயில்.

வீதிக்குக் குறுக்கே ஒரு கோடு போடுகிறோம். முன்னால் போகிற வண்டியின் முன்பக்கம் கோட்டைத் தொட்டதிலிருந்து, பின்னால் வருகிற வண்டியின் முன்பக்கம் அதே கோட்டைத் தொடும் வரை ஆகும் நேரம் ஹெட்வே. முந்திப் போனது பஸ்சாக இருந்தால் பஸ்சின் முழு நீளமும் கோட்டைக் கடக்கிற நேரம் அதற்குள் அடங்கும். கேப் வேறு. அது முன்வண்டியின் பின்பக்கம் கடந்த பிறகு வெறுமையாகக் கிடக்கும் நேரம் மட்டும். எங்கள் கையில் கிடைத்த பழைய குறிப்பில் இரண்டுக்கும் ‘இடைவெளி’ என்றே இருக்கிறது. பரீட்சையில் அது பெரிய வில்லங்கம்.

கணக்கில் பார்த்தால் ஏன் என்று தெரியும். எங்கள் பக்கத்துக் கிண்ணியாப் பாலத்தில் மணிக்கு 36 கிலோமீற்றரில், அதாவது வினாடிக்கு 10 மீற்றரில், வண்டிகள் வருகின்றன என்று வையுங்கள். ஹெட்வே 3 வினாடி. மணிக்கு 3600 ÷ 3 = 1200 வண்டி. முன்பக்கத்துக்கும் முன்பக்கத்துக்கும் இடையே 30 மீற்றர், ஆகவே கிலோமீற்றருக்கு ஏறத்தாழ 33 வண்டி. 36ஆல் பெருக்கினால் திரும்ப 1200. இப்போது முன்னால் போவது 11 மீற்றர் பஸ் என்றால் அந்த 3 வினாடியில் 1.1 வினாடி பஸ்சுக்கே போய்விடும், மிச்சம் 1.9. அதுவே 2 மீற்றர் மோட்டார் சைக்கிள் என்றால் மிச்சம் 2.8. ஹெட்வே மாறவில்லை, கேப் மாறிவிட்டது. ‘இடைவெளி’ என்று எழுதியவன் எந்த எண்ணைப் போடுவான்?

அந்தப் பாலம் 2009இல் திறந்தது, 396 மீற்றர். அதற்கு முன் பாதையில் ஏறித்தான் அக்கரை போவார்கள். (இந்தியாவிலிருந்து வாசிப்பவர்களுக்கு: இங்கே பாதை என்றால் வண்டி ஏற்றிக் கடக்கும் மிதவை.) பாதை கரை தட்டியதும் வண்டிகள் ஒரே கொத்தாக இறங்கும், பிறகு அடுத்த பாதை வரும் வரை வீதி சும்மா கிடக்கும். மணித்தியாலத்துக்கு எத்தனை வண்டி என்ற எண்ணை மட்டும் பார்த்தால் அந்தக் கொத்து தெரியவே தெரியாது. ஹெட்வேக்களை ஒவ்வொன்றாக எழுதிப் பார்த்தால்தான் தெரியும். இவ்வளவு வேலை செய்கிற அளவுக்கு நல்ல பெயர் வேண்டாமா?

என் யோசனை ‘முகப்பிடை’. முகப்பு விளக்கு எல்லோருக்கும் தெரியும், ஆகவே முகப்பு எது என்று சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை. நேரத்தில் அளந்தால் முகப்பிடை நேரம், தூரத்தில் அளந்தால் முகப்பிடைத் தூரம். கேப் பழையபடி இடைவெளி. ‘தலையிடை’ என்று நண்பன் ஒருவன் சொன்னான், வகுப்பே சிரித்துவிட்டது.

திருகோணமலையிலிருந்து

*

அன்புத் தம்பி,

நல்ல சொல். எங்கிருந்து எங்கே அளக்க வேண்டும் என்பதைச் சொல்லே சொல்லிவிடுகிறது, அதுதான் இதன் பலம். ஆனாலும் இரண்டு ஆட்சேபம்.

ஒன்று, பஸ் சேவை. பத்து நிமிஷத்துக்கு ஒரு பஸ் என்றால் அதற்கும் ஹெட்வே என்றுதான் பெயர். நிறுத்தத்தில் கால் கடுக்க நிற்கிறவரிடம் ‘முகப்பிடை நேரம் பத்து நிமிஷம்’ என்று பலகை வைத்தால் என்ன நினைப்பார்? இரண்டு, நம் சாலைகள். கோவையில் காலை ஒன்பது மணிக்கு காந்திபுரம் பக்கம் வந்து பாருங்கள். இரண்டு பைக் தோளோடு தோள் உரசிக்கொண்டு கோட்டைக் கடக்கும், நடுவில் ஆட்டோ மூக்கை நுழைக்கும். அங்கே யார் யாருக்கு முன்? தடம் பிடித்து ஓட்டும் நாட்டுக்காரர்கள் வகுத்த அளவு இது. 1930களில் போக்குவரத்து ஆய்வாளர் புரூஸ் கிரீன்ஷீல்ட்ஸ் அமெரிக்காவின் ஓஹையோவில் சாலையோரம் கேமரா வைத்துப் படம் எடுத்தாரே, அவர் படத்தில் இப்படி ஒரு காட்சி இருந்திருக்காது.

அப்புறம் கதி. இலங்கையில் ஸ்பீடுக்குக் கதி, வெலாசிட்டிக்கு வேகம் என்று பாடப்புத்தகத்தில் உண்டு, தெரியும். இங்கே ஸ்பீடுதான் வேகம், வெலாசிட்டி திசைவேகம். எங்கள் மாணவனிடம் ‘சராசரிக் கதி’ என்றால் ‘என் கதியைக் கேட்கிறீர்களா சார்’ என்பான். இரு பக்கத்துக்கும் பொதுவாக ஒரு குறிப்பு வேண்டுமென்றால் முதல் பக்கத்திலேயே இதைச் சொல்லிவிடுங்கள்.

கோவையிலிருந்து

*

ஐயா, மிக்க நன்றி.

பஸ் விஷயம் சரி. அங்கே முகப்பை யாரும் பார்ப்பதில்லை, அடுத்தது எப்போது என்றுதான் கேட்கிறார்கள். அதற்கு ‘சேவை இடைநேரம்’ என்று தனியாக வைத்துவிடலாம். இரண்டுக்கும் ஒரே சொல் வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்க எனக்குக் காரணம் இல்லை.

ஆனால் தோளோடு தோள் வருகிற பைக் பற்றிய ஆட்சேபத்தை ஒப்புக்கொள்ள மாட்டேன். வீதியின் முழு அகலத்துக்கும் கோடு போட்டு, எந்த முகப்பு எந்த நேரத்தில் தொட்டது என்று வரிசையாக எழுதினால் போதும். இரண்டும் ஒன்றாகத் தொட்டால் முகப்பிடை பூச்சியம், அவ்வளவுதான். எல்லா முகப்பிடைகளையும் கூட்டினால் நாங்கள் எண்ணிக்கொண்டிருந்த மொத்த நேரம் வரும், சராசரியின் தலைகீழ் பாய்ச்சலைத் தரும். பூச்சியம் எத்தனை இருந்தாலும் அந்தக் கணக்கு பிசகாது. பிசகுவது வேறு: பூச்சியத்தை வைத்துக்கொண்டு ‘பின்னால் வருபவர் பாதுகாப்பான தூரத்தில் வருகிறாரா’ என்று முடிவு சொல்ல முடியாது, ஏனென்றால் அவர் பின்னாலேயே வரவில்லை. அதற்கு ஒரே தடத்தில் பின்தொடரும் சோடிகளை மட்டும் பிரித்தெடுக்க வேண்டும். கிண்ணியாப் பக்கம் ஓட்டோவும் மோட்டார் சைக்கிளும்தான் அதிகம் என்பதால் அந்தப் பிரித்தெடுப்பு எங்களுக்கும் தலையிடிதான். ஆனால் அது அளவெடுப்பின் பாடு, சொல்லின் குற்றம் இல்லை.

கதி, வேகம் பற்றி முதல் பக்கத்தில் ஒரு பெட்டி போடுகிறேன். போக்குவரத்து ஆய்வாளர் வார்ட்ரொப் 1952இல் பிரித்துக் காட்டிய இரண்டு சராசரிகளும் அதே பெட்டிக்குள் வரட்டும். ஒரு புள்ளியில் நின்று எடுக்கும் சராசரி ஒன்று, ஒரு நீளத்தில் ஓடும் வண்டிகளுக்கு எடுக்கும் சராசரி மற்றது. முதல் கடிதத்தில் எழுதிய சமன்பாட்டுக்குச் சரிவருவது இரண்டாவதுதான். எங்கள் குறிப்பில் இவற்றை ‘புள்ளிச் சராசரிக் கதி’, ‘வெளிச் சராசரிக் கதி’ என்று எழுதியிருக்கிறோம். இரண்டாவதில் ‘வெளி’ கொஞ்சம் வானசாஸ்திரம் மாதிரி இருக்கிறது, ‘நீளச் சராசரி’ என்று மாற்றலாமா என்று பார்க்கிறேன்.

ஜாம் டென்சிட்டிக்கு ‘நெரிசல் அடர்த்தி’ என்றே போட்டிருக்கிறோம், வண்டிகள் அசையாமல் நிற்கும்போது உள்ள அடர்த்தி. அதில் யாருக்கும் ஆட்சேபம் இருந்தால் வெள்ளிக்கிழமைக்குள் எழுதுங்கள், அன்றைக்குப் போட்டோக்கொப்பி எடுக்கக் கொடுக்கிறோம்.