பழைய கோப்பு முழுக்கச் சிவப்புக் கோடு, ‘சௌ.’ தேடினால் பாதிதான் கிடைக்கிறது. உதவி தேவை

சிம்மக்கல்காரன்:

வணக்கம். மதுரை சிம்மக்கல் பக்கம் சிறிய டி.டி.பி. கடை வைத்திருக்கிறேன். திருப்பரங்குன்றம் வட்டாரத்து ஊர்க்கோயில் ஒன்றின் குடமுழுக்கு மலர், 96 பக்கம், கையில் இருக்கிறது. பாதிக் கட்டுரைகள் அப்பா காலத்துப் பேஜ்மேக்கர் (பக்கம் அமைக்கும் பழைய மென்பொருள்) கோப்புகளிலிருந்து எடுத்தவை. மீதி வாட்ஸ்அப்பில் வந்தவை. எல்லாவற்றையும் லிப்ரே ஆபீஸ் ரைட்டர் என்ற எழுத்துச் செயலியில் ஒட்டித் தமிழ் அகராதியையும் சேர்த்தேன்.

பழைய கட்டுரைகளில் ஒரு சொல் தப்பாமல் சிவப்புக் கோடு விழுகிறது. புதியவற்றில் கால்வாசி சிவப்பு. நன்கொடையாளர் பட்டியலில் ‘சௌ.’ என்று தேடினால் 40 பெயரில் 11 மட்டும் சிக்குகிறது. மீதி என் கண்ணுக்கு முன்னால்தான் இருக்கின்றன, கணினிக்குத்தான் தெரியவில்லை.

போன மாதம் ஒரு கல்யாணப் பத்திரிகையில் ‘மனமகன்’ என்று போய், 500 பிரதியை என் செலவில் மறுபடி அடித்துக் கொடுத்தேன். இந்த முறை அது நடக்கக்கூடாது. வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போக வேண்டும்.

வைகைக்கரை:

பழைய கட்டுரையில் ‘தமிழ்’ என்ற சொல்லைத் தேர்ந்தெடுத்து, எழுத்துருவை மட்டும் ஏரியல் என்று மாற்றிப் பாருங்கள். என்ன தெரிகிறது?

சிம்மக்கல்காரன்:

ஜே, கே, பி, ஓ, அதன் பிறகு ஓர் அரைப்புள்ளி. எல்லாம் ஆங்கில எழுத்து!

வைகைக்கரை:

அப்படியானால் அது பாமினி என்ற பழைய எழுத்துரு. அந்தக் கோப்பில் தமிழே கிடையாது அண்ணா. உள்ளே இருப்பது ஆங்கில எழுத்து. பாமினி அதன் மேல் தமிழ் உருவத்தைப் போர்த்தியிருக்கிறது. பிழைதிருத்தி போர்வையைப் பார்ப்பதில்லை. ஆங்கிலச் சொல் என்று எடுத்துக்கொண்டு, ஆங்கில அகராதியில் தேடிவிட்டுக் கோடு போடுகிறது. தமிழ் அகராதியை நீங்கள் நூறு முறை நிறுவினாலும் பயன் இல்லை.

முதலில் யூனிகோடுக்கு, அதாவது தமிழ் எழுத்தைத் தமிழ் எழுத்தாகவே வைக்கும் குறியீட்டுக்கு மாற்றுங்கள். என்.எச்.எம். கன்வெர்ட்டர், பொங்குதமிழ் இரண்டும் இலவசம். பாமினியில் உள்ள பகுதியை மட்டும் எடுத்து மாற்றுங்கள். இடையில் உண்மையான ஆங்கில முகவரியோ மின்னஞ்சலோ இருந்தால் அதையும் தமிழாக்கிக் குப்பையாக்கிவிடும்.

ஒன்று கவனியுங்கள். பேஜ்மேக்கரின் கடைசிப் பதிப்பான 7.0 வந்தது 2001-இல். அதற்கு யூனிகோட் தெரியாது. பக்கம் அமைப்பது அதில்தான் என்றால், திருத்தி முடித்த பிறகு மறுபடி பாமினிக்கு மாற்றித்தான் உள்ளே கொண்டுபோக வேண்டும்.

சிம்மக்கல்காரன்:

மாற்றிவிட்டேன், கோடு பெருமளவு போய்விட்டது. ஆனால் சில இடங்களில் புள்ளி வட்டத்தின் மேல் துணைக்கால் ஏறி உட்கார்ந்திருக்கிறது. ‘சௌ.’ சிக்கலும் அப்படியே இருக்கிறது.

தெப்பக்குளம்:

வட்டம் வருவது அந்தக் காலத்துத் தட்டச்சர்கள் கைவேலை. ரகரமும் துணைக்காலும் பார்வைக்கு ஒன்றுபோல இருப்பதால், விரலுக்கு எது பக்கமோ அதைத் தட்டிவிட்டார்கள். தாளில் வித்தியாசம் தெரியாது. வட்டம் உள்ள இடங்களைப் பார்த்து ‘ர’ போடுங்கள்.

‘சௌ’வும் அதே கதை. ஔகாரக் குறிக்குப் பதிலாக ஒற்றைக்கொம்பும் ‘ள’வும் தட்டியிருப்பார்கள். ‘ெள’ என்று தேடி, எல்லா இடத்திலும் ‘ௌ’ என்று மாற்றிவிடுங்கள். ஒரு நிமிட வேலை.

சிம்மக்கல்காரன்:

ஒரு நிமிட வேலைதான். இப்போது குடமுழுக்கு ‘வௌ்ளிக்கிழமை’ நடக்கிறது. ‘தெளிவு’ உடைந்துவிட்டது. தென்கால் கண்மாய் பற்றிய கட்டுரையில் கெளுத்தி மீன் செத்தே போயிற்று.

வைகைக்கரை:

கன்ட்ரோல் இசட் அழுத்துங்கள், மீன் பிழைத்துவிடும்.

வெள்ளி, தெளிவு, கெளுத்தி மூன்றிலும் உண்மையான ‘ள’ இருக்கிறது. அதன் மேல் புள்ளியோ உயிர்க்குறியோ ஏறியிருக்கிறது. செளராஷ்டிரா, கெளரவம், பெளர்ணமி இவற்றில் அந்த ‘ள’ மொட்டையாக நிற்கிறது. அந்த வேறுபாட்டைப் பிடித்தால் போதும். தேடல் பெட்டியில் ‘ரெகுலர் எக்ஸ்பிரஷன்ஸ்’ (சொல்லுக்குப் பதில் எழுத்து வடிவத்தைத் தேடும் வசதி) என்பதைத் தேர்ந்தெடுத்து, இதைத் தேடுங்கள்:

([க-ஹ])ெள(?![ாிீுூெேைொோ்])

மாற்று: $1ௌ

ஆனாலும் ஒரேயடியாக மாற்ற வேண்டாம், ஒவ்வொன்றாகப் பார்த்து மாற்றுங்கள். ஒளவையார், ஒளடதம் போன்றவற்றைத் தனியாகத் தேடி ‘ஔ’ ஆக்குங்கள்.

சிம்மக்கல்காரன்:

40-உம் சிக்கிவிட்டது! சௌராஷ்டிரத் தெருப் பெரியவர்கள் கட்டுரையும் சரியாகிவிட்டது. ஆனால் ‘சிம்மக்கல்’, ‘யானைக்கல்’ எல்லாம் சிவப்பாகவே இருக்கின்றன. அகராதியில் சேர்த்தேன். அடுத்த வரியிலேயே ‘சிம்மக்கல்லில்’ என்பதற்குக் கோடு.

தெப்பக்குளம்:

முன்பு அவசரப்பட்டதற்கு மன்னிக்கவும். லிப்ரே ஆபீஸில் இருப்பது ஹன்ஸ்பெல் என்ற பிழைதிருத்தி. அதற்கு ஒரு சொற்பட்டியலும், எந்தச் சொல்லில் எந்த விகுதி ஒட்டும் என்கிற விதிக்கோப்பும் உண்டு. நீங்கள் சேர்த்தது வெறும் சொல்லை. ‘இல்’ சேரும்போது லகரம் இரட்டிக்கும் என்று அதற்கு யார் சொன்னது? நம் மொழியில் ஒரு பெயர்ச்சொல்லுக்கே வேற்றுமை, உம், ஏ, தான், கூட என்று வால் நீண்டுகொண்டே போகும். புதிய கட்டுரைகளில் வரும் கால்வாசிச் சிவப்புக்கும் பெரும்பாலும் இதுதான் காரணம். மலரில் அடிக்கடி வரும் உருவங்களை மட்டும், சிம்மக்கல்லில், சிம்மக்கல்லுக்கு என்று தனித்தனியாகச் சேர்த்துவிடுங்கள்.

சிவப்பே இல்லாத கட்டுரை ஏதாவது இருந்தால் அதைத்தான் நான் முதலில் சந்தேகப்படுவேன். கீழ்ப்பட்டையில் மொழி இந்தி என்று இருக்கும். அந்த அகராதி இல்லாவிட்டால் எதையுமே சோதிக்காது.

மூக்குக்கண்ணாடி:

முப்பது ஆண்டு புரூஃப் பார்த்தவன் என்ற உரிமையில் இடையில் நுழைகிறேன். தம்பி, ‘மனமகன்’ மாதிரிப் பிழையை இந்தக் கருவி பிடிக்கும், சரி. ‘பனி இனிதே நிறைவேற’ என்று இருந்தால்? பனியும் சொல்தான், கோடு விழாது. திருப்பணிக்காரர்கள் மார்கழியைத் தேடிப் போவார்கள்.

முருகன் கட்டுரை இருக்குமே, அதில் ‘அன்னை வேலை கொடுத்தாள்’ என்று இருக்கிறதா பாருங்கள். ககர ஒற்று இல்லாவிட்டால் அன்னை முருகனுக்கு உத்தியோகம் கொடுத்ததாகப் பொருள். ‘வேலைக் கொடுத்தாள்’ என்றால்தான் வேலாயுதம். சிவப்புக் கோடு இரண்டுக்கும் வராது. சந்திக்கு நீச்சல்காரன் உருவாக்கிய ‘நாவி’ என்ற திருத்தி இணையத்தில் இருக்கிறது, எழுத்துப்பிழைக்கு அவருடைய ‘வாணி’. இரண்டிலும் போட்டு எடுங்கள். அவை காட்டும் இடத்தில் நின்று பாருங்கள். ஒற்றைப் போடுவதா வேண்டாமா என்பதை வாக்கியத்தைப் படித்து நீங்களே முடிவு செய்யுங்கள்.

சிம்மக்கல்காரன்:

ஐயா, பக்கம் 17. ‘வேலை கொடுத்தாள்’ என்றேதான் இருக்கிறது. பழைய மலரைப் புரட்டினேன், அதிலும் அப்படியே அச்சாகியிருக்கிறது. இத்தனை ஆண்டுகளாக யாரும் கேட்கவில்லை.

மூக்குக்கண்ணாடி:

படித்திருந்தால்தானே கேட்பார்கள். அட்டையையும் நன்கொடையாளர் பட்டியலையும் மட்டும் தாளில் எடுத்து, வேறு ஒருவரிடம் சத்தமாகப் படிக்கச் சொல்லுங்கள். அந்த இரண்டையும் ஊரே எழுத்துக்கூட்டிப் படிக்கும்.