சுகாதார அமைச்சிலிருந்து வளர்ச்சி வங்கிக்குப் போக என்ன வழி?

கேள்வி | ஜூரோங்_கதிர்

வணக்கம். தங்கைக்காகக் கேட்கிறேன். வயது 29, பொதுக் கொள்கையில் முதுகலை முடித்திருக்கிறாள். சிங்கப்பூர் சுகாதார அமைச்சில், சுகாதார நிதிக் கொள்கையில் வேலை. மெடிஷீல்டு லைஃப் (இங்குள்ள தேசிய மருத்துவக் காப்பீடு) சந்தா, மானியக் கணக்கு எல்லாம் அத்துபடி. உலக வங்கி, ஆசிய வளர்ச்சி வங்கி போன்ற இடங்களில் சுகாதாரக் கடன் திட்டங்களில் சேர ஆசைப்படுகிறாள். இளைஞர்களைப் பணிக்கு எடுக்கும் இளம் நிபுணர் திட்டம் ஒன்றுதான் வாசலா? இங்கே கற்றது அங்கே செல்லுபடியாகுமா? வேலையில் இருந்துகொண்டே எதைப் படிக்கலாம்?

பதில் | செம்பவாங்_வாசகர்

உலக வங்கியின் இளம் நிபுணர் திட்டத்துக்கு வயது வரம்பு 32. இன்னும் நேரம் இருக்கிறது, விண்ணப்பிக்கட்டும். ஆனால் அதையே நம்பி உட்கார வேண்டாம். ஆயிரக்கணக்கானோர் போட்டியிடுவார்கள், எடுப்பது சொற்பம்.

இரண்டாவது வாசல் குறுகிய கால ஆலோசகர் வேலை. ஒரு நிதியாண்டில் 150 நாள் வரைதான். அங்கே நிதியாண்டு ஜூலை 1 முதல் ஜூன் 30 வரை, ஆகவே ஜூலையை ஒட்டிப் புது ஒதுக்கீடு வரும்போது குழுத் தலைவர்களுக்கு எழுதுவது நல்லது. மே மாதம் எழுதினால் "பட்ஜெட் முடிந்துவிட்டது" என்ற பதில்தான் வரும். அரசு ஊழியராக இருக்கும்போது இதை அனுமதியின்றிச் செய்யவே கூடாது.

பலர் கண்டுகொள்ளாத மூன்றாவது வாசல் ஒன்று உண்டு. உலக வங்கி நிர்வாகக் குழுவில் சிங்கப்பூர், இந்தோனேசியா, மலேசியா, தாய்லாந்து, வியட்நாம் முதலியவற்றோடு ஒரே அணி; அணிக்குப் பொதுவாக ஒரு நிர்வாக இயக்குநர். அவருடைய அலுவலகத்துக்கு உறுப்பு நாட்டு அதிகாரிகள் ஆலோசகர்களாகப் போவார்கள். வாக்கெடுப்புக்கு வரும் திட்ட ஆவணங்களைப் படித்து, ஓட்டை எங்கே என்று சொல்வதே வேலை. உபகாரச் சம்பளப் பிணைப்பு (படிக்க வைத்ததற்காக அரசில் வேலை செய்ய வேண்டிய காலம்) மீதமிருந்தால், ராஜினாமாவைவிட இப்படி அனுப்பிவைக்கப்படுவதுதான் உத்தமம்.

பதில் | கடன்_கணக்கு

ஒவ்வொரு வாசலாகத் தட்டுவதற்கு முன், கடன் பணம் எப்படி வெளியே வருகிறது என்று தெரிந்திருக்க வேண்டும் தம்பி. நேர்முகத்தில் கொள்கைக்காரர்கள் திணறுவது இங்கேதான்.

படிக்க நல்ல உதாரணம் நம் பக்கத்திலேயே இருக்கிறது: தமிழ்நாடு சுகாதார அமைப்புச் சீர்திருத்தத் திட்டம். 2019இல் கையெழுத்தானது, 287 மில்லியன் அமெரிக்க டாலர். இது உலக வங்கியின் 'புரோகிராம் ஃபார் ரிசல்ட்ஸ்' வகை. பில்லைக் காட்டிப் பணம் வாங்குவதில்லை. ஒப்புக்கொண்ட பலன் கிடைத்தது என்று நிரூபித்தால்தான் தவணை வரும். தவணையோடு பிணைத்த அந்தப் பலன் குறியீடுகளை டிஎல்ஐ என்பார்கள். மதிப்பீட்டு ஆவணம் வங்கியின் தளத்தில் இலவசம். முன்னுரையை விட்டுவிட்டு டிஎல்ஐ அட்டவணைக்கும் சரிபார்ப்பு நெறிமுறைக்கும் நேராகப் போகச் சொல்லுங்கள்.

டிஎல்ஐ எழுதுவது ஒரு கைத்திறன். 20 மருத்துவமனைகள் தரச்சான்று பெற வேண்டும், அதற்கு 10 மில்லியன் என்று வைத்துக்கொள்வோம். "இருபதும் முடிந்தால் பணம்" என்று எழுதினால், 19 முடிந்தாலும் கையில் பூஜ்யம். "ஒன்றுக்கு அரை மில்லியன்" என்று எழுதினால் 9.5 மில்லியன் வந்துவிடும். ஒரு வரி மாற்றம்தான்.

அடுத்த பொறி, தேசிய அளவிலான கணக்கெடுப்பில் வரும் எண்ணைக் குறியீடாக வைப்பது. களப்பணி தள்ளிப்போகும், அறிக்கை வருவதற்குள் கடனின் முடிவுத் தேதி தாண்டிவிடும். மருத்துவமனைப் பதிவேட்டிலிருந்து எடுக்கும் எண் அவ்வளவு கம்பீரமாக இராது. ஆனால் வருடா வருடம் கிடைக்கும்.

எல்லாவற்றையும்விடப் பெரிய சிக்கல்: பணம் போவது நிதி அமைச்சின் கஜானாவுக்கு. இலக்கை எட்டியது சுகாதாரத் துறை, பணம் பார்ப்பது வேறு துறை! அடுத்த ஆண்டு ஒதுக்கீட்டில் அது திரும்பி வரும் என்று முன்கூட்டியே எழுத்தில் வாங்காவிட்டால் மாவட்ட அதிகாரிகளுக்கு ஊக்கம் செத்துவிடும்.

பதில் | மருந்துப்_பட்டியல்

மேலே சொன்னது சரி, ஆனால் எல்லாக் கடனும் அப்படியல்ல. பெரிய தொகை ஒப்பந்தங்களை அந்த வகைக்குள் கொண்டுவர முடியாது. மருத்துவமனைக் கட்டடம், ஸ்கேன் இயந்திரம் என்றால் வழக்கமான முதலீட்டுக் கடன்தான், செலவுக்கு ஏற்பப் பணம். அங்கே சறுக்குவது கொள்முதலில். இயந்திரத்தை வாங்குவார்கள், பராமரிப்பு ஒப்பந்தம், மின்சாரம், இயக்கத் தெரிந்த ஆள் மூன்றையும் டெண்டரில் சேர்க்க மறந்துவிடுவார்கள். பெட்டி பிரிக்காமலே கிடக்கும்.

இங்கே கற்றது செல்லுமா என்றால், பாதி செல்லும். 1984இல் வந்த மெடிசேவ் (மருத்துவச் செலவுக்கான கட்டாயச் சேமிப்பு) மத்திய சேம நிதியின் மேல் நிற்கிறது. சம்பளத்திலிருந்து பிடிக்க முடிகிறது. உழைப்பவர்களில் பெரும்பாலோர் சம்பளச் சீட்டே இல்லாத நாட்டில் யாரிடம் பிடிப்பது? "சிங்கப்பூர் மாதிரி" என்று விண்ணப்பத்தில் எழுதினால் படிப்பவர் அங்கேயே நிறுத்திவிடுவார். வருமானச் சோதனையோடு மானியம் வகுப்பது, சந்தாவை வயதுவாரியாகக் கணிப்பது, 2015இல் இங்கே தொடங்கிய, மருத்துவத் தொழில்நுட்பங்களை மதிப்பிடும் ஏஸ் அமைப்பு போல மருந்தின் விலைக்கும் பலனுக்கும் கணக்குப் போடுவது, இவையெல்லாம் எங்கும் விலைபோகும். "கொள்கை ஆய்வுக்கு உதவினேன்" என்பதற்குப் பதில் எந்த முடிவு, எத்தனை பேரைத் தொட்டது, எந்தக் கணக்கீடு அவளுடையது என்று எழுதட்டும். எண்கள் பொதுவெளியில் வந்தவையாக மட்டும் இருக்கட்டும். அரசாங்க ரகசியச் சட்டம் வேலையை விட்ட பிறகும் விடாது.

பெருந்தொற்று நிதியையும் பார்க்கச் சொல்லுங்கள். அப்போது சிங்கப்பூரின் மூத்த அமைச்சராக இருந்த தர்மன் சண்முகரத்னம் இணைத்தலைமை வகித்த ஜி20 குழு 2021இல் ஐந்தாண்டுக்கு 75 பில்லியன் டாலர் கூடுதல் நிதி வேண்டும் என்றது; மறு ஆண்டே உலக வங்கியில் அந்த நிதி அமைந்தது. அது கடனல்ல, மானியம்.

ஜூரோங்_கதிர்

நன்றி அண்ணா, எல்லோருக்கும். இந்த வங்கிகளின் தலைமையகம் உள்ள வாஷிங்டனோ மணிலாவோ போனால் மெடிஷீல்டு லைஃப் நின்றுவிடுமா?

செம்பவாங்_வாசகர்

நிற்காது. குடிமக்களுக்கு வெளிநாட்டில் இருந்தாலும் தொடரும், சந்தாவும் மெடிசேவிலிருந்து போய்க்கொண்டே இருக்கும். சேம நிதிக்கு மாதாமாதம் வந்த பணம் நின்றுவிடுவதால், கிளம்பும் முன் மெடிசேவில் எவ்வளவு இருக்கிறது என்று பார்த்துக்கொள்ளட்டும்.