‘ஆன்டி சோஷியல் பிஹேவியர்’: சட்டப் பொருளுக்கு ஏற்ற தமிழ்ச்சொல்

அன்புடையீர், வணக்கம்.

‘ஆன்டி சோஷியல் பிஹேவியர்’ என்னும் ஆங்கிலச் சட்டச்சொல்லைச் ‘சமூக விரோத நடத்தை’ என்றே எழுதிவிடலாம் என்ற பரிந்துரையை என்னால் ஏற்க இயலவில்லை. சமூக விரோதி என்றவுடன் தமிழருக்கு நினைவில் வருபவர்கள் ரவுடிகளும் கள்ளச்சாராயம் விற்பவர்களுமே. இங்கிலாந்து, வேல்ஸ் சட்டத்திலோ, நள்ளிரவில் ஓயாமல் உரத்த இசையை ஒலிக்கவிடும் பக்கத்து வீட்டுக்காரரின் செயலும் இதற்குள் அடங்கக்கூடும். அங்கு வாழும் தமிழர் ஒருவர் தம் வீட்டுக்கு வந்த அறிவிப்பில் ‘சமூக விரோத’ என்று படித்தால், தம்மீது பெருங்குற்றம் சுமத்தப்பட்டதாக அஞ்சமாட்டாரா?

அங்கு இயற்றப்பட்ட 1998ஆம் ஆண்டுச் சட்டம், தன் வீட்டைச் சேராத ஒருவருக்கோ பலருக்கோ தொந்தரவு, கலக்கம், மனவேதனை ஆகியவற்றுள் ஒன்றை விளைவித்த அல்லது விளைவிக்கக்கூடிய நடத்தை என்று இதனை வரையறுத்தது. 2014ஆம் ஆண்டுச் சட்டம், இத்தகைய நடத்தையைத் தடுக்க நீதிமன்றம் பிறப்பிக்கும் தடையாணைக்கான வரையறையில் அந்த வீட்டார், வெளியார் வேறுபாட்டை நீக்கி, குடியிருப்போருக்கு நேரும் தொல்லையையும் எரிச்சலையும் சேர்த்துக்கொண்டது. இரண்டிலும் சட்டம் பார்ப்பது பிறர்மீது ஏற்படும் விளைவையே. செய்தவரின் உள்நோக்கம் வரையறையில் இடம்பெறவில்லை. பத்து வயது நிறைந்த எவர்மீதும் பிறப்பிக்கத்தக்க இத்தடையாணை உரிமையியல் (சிவில்) சார்ந்தது; குற்றவியல் சார்ந்ததன்று. அதனை மீறுவதும் நீதிமன்ற அவமதிப்பாகவே கொள்ளப்படுகிறது. எனவே ‘சமூகக் குற்றம்’ என்று பெயர்ப்பதும் அறவே பொருந்தாது.

‘தொல்லை நடத்தை’ எளிமையானதுதான். ஆயினும் ‘பொதுத்தொல்லை’ (பப்ளிக் நியூசன்ஸ்) சட்டத்தமிழில் வேறொரு கருத்துக்கு உரியதாகிவிட்டது. வரையறையின் உட்கூறுகளிலும் தொல்லை தனியே வருவதால், முழுமைக்கும் உறுப்புக்கும் ஒரே சொல்லாகி மொழிபெயர்ப்பாளர் இடர்ப்படுவார்.

ஆகவே ‘பிறர்க்கின்னா நடத்தை’ என்பதை முன்வைக்கிறேன். சிறு எரிச்சல் முதல் கடும் வேதனை வரை அனைத்தையும் ‘இன்னா’ தாங்கும். ‘பிறர்க்கு’ என்பது விளைவை நோக்கிய வரையறையின் உயிரைக் காட்டும். ‘பிறர்க்கின்னா நடத்தைத் தடையாணை’ என்று தொடர்களும் இயல்பாக அமைகின்றன. பழஞ்சொல் ஆதலால் பொதுமக்களுக்கான துண்டறிக்கைகளில் முதல்முறை வருமிடத்தில் ‘அக்கம்பக்கத்தாருக்கு இடையூறான நடத்தை’ என்று விளக்கம் தருவது கட்டாயம் என்பேன். உளவியலில் ‘ஆன்டி சோஷியல்’ என்பது ஓர் ஆளுமைக் கோளாற்றின் பெயரிலும் வருவதால், அதற்கு வேறு சொல்லே தகும்.

வரையறையின் முதற்சொல்லான ‘ஹராஸ்மென்ட்’ என்பதற்கு, மேலே நான் எழுதிய ‘தொந்தரவு’ மென்மையாகவும் ‘துன்புறுத்தல்’ கடுமையாகவும் எனக்குப் படுகின்றன. இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட சொல்லைச் சட்டத்துறை அன்பர்கள் பரிந்துரைக்க வேண்டுகிறேன்.